சீனர் வரிசை

விடியற்காலை நாலே முக்காலுக்கு மாயாண்டி டோக்கன் அறையின் பலகைக் கதவைத் தூக்கி நிறுத்தியபோது ஜன்னலுக்கு வெளியே சீனர் வரிசை ஏற்கெனவே நின்றிருந்தது. எப்போதும் அவர்கள்தான் முதல். வெல்டிங் கண்ணாடியைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு, டிபன் கேரியரைக் கையில் பிடித்துக்கொண்டு, சத்தமில்லாமல் நிற்பார்கள். அவர்களுக்குப் பின்னால்தான் தமிழர்களும் மலையாளிகளும் கொட்டாவி விட்டுக்கொண்டும், பட்டாணியக் கொத்தனார்கள் கரகரத்த குரலில் பேசிக்கொண்டும் வந்து சேருவார்கள்.

மாயாண்டிக்குப் பின்சுவரில் ஒரு பெரிய பலகை. அதில் வரிசையாக ஆணிகள். ஒவ்வோர் ஆணியிலும் ஒரு பித்தளை டோக்கன், ஒரு ரூபாய்க் காசு அகலத்தில், ஒரு பக்கம் மட்டும் எண் பொறித்தது. வேலைக்குப் போகிறவன் தன் டோக்கனை வாங்கிக்கொண்டு கேட்டைத் தாண்ட வேண்டும். சாயங்காலம் திருப்பிக் கொடுத்துவிட்டு கேம்ப்புக்குள் நுழைய வேண்டும். யாரும் எண்ணைச் சொல்லத் தேவையில்லை. முகம் ஜன்னலுக்கு வந்ததும் மாயாண்டியின் கை தானாகவே சரியான ஆணிக்குப் போகும். படிப்பு மூன்றாம் வகுப்போடு நின்றுபோனவன். ஆனால் முந்நூறு முகமும் முந்நூறு எண்ணும் அவனுக்குள் ஒட்டிக் கிடந்தன.

அவனுக்கு இடது கையில் மூன்று விரல்கள்தான். வளைகுடாவில் ஜெபல் அலிக்கு வந்த எட்டாம் மாதம் கம்பி வளைக்கும் மெஷின் இரண்டை எடுத்துக்கொண்டது. அப்படி அடிபட்டவர்களை அடுத்த விமானத்தில் ஏற்றிவிடுவதுதான் கம்பெனியின் வழக்கம். டைம்கீப்பர் சேதுமாதவன் சார் மேனேஜரிடம் பேசி இந்த ஜன்னலில் உட்கார வைத்தார். அன்றிலிருந்து அடிவயிற்றில் ஓர் இறுக்கம். மேனேஜரின் ஜீப் கேட்டில் நின்றால் இடது கையை மேஜைக்குக் கீழே இழுத்துக்கொள்வான். மூன்று விரல்காரனுக்கு இங்கே என்ன வேலை என்று யாராவது ஒருநாள் கேட்டே தீருவார்கள் என்று நினைப்பான். கேட்கிறவரைக்கும் தான் இருப்பதே தெரியாமல் இருந்துவிட வேண்டும்.

"நாலு ஒண்ணு ரெண்டு" என்று வேண்டுமென்றே சொல்லிக்கொண்டு லிம் ஜன்னலில் குனிந்தார். தினமும் சொல்லும் வேடிக்கை அது. சீனர் ஐம்பத்தெட்டுப் பேருக்கும் அவர்தான் தலைவர். ஐம்பது வயது. மலேயாவில் ரப்பர் தோட்டத்து வாசலில் அவருடைய அப்பா மளிகைக்கடை வைத்திருந்தார். தோட்டத்துப் பிள்ளைகளோடு புழுதியில் புரண்டு வளர்ந்ததில் தமிழ் வந்துவிட்டது.

"நம்பர் மறந்துருவேன்னு பயமாண்ணே?" என்றான் மாயாண்டி.

"நீ மறக்க மாட்டேலா. நான் மறந்துடுவேன்."

அவருக்குப் பின்னால் நின்ற இளைஞர்கள் சிரிக்கவில்லை. மே மாதத்திலிருந்தே அவர்கள் சிரிப்பதில்லை. மே மாதம் ஒரு மத்தியானம் இரண்டு மணிக்கு, கடலுக்குள் இறக்கும் பெரிய குழாய்க்குள் படுத்து வெல்டிங் செய்துகொண்டிருந்த ஆ மெங் என்ற இருபத்திரண்டு வயதுப் பையனைக் காலைப் பிடித்து வெளியே இழுத்தார்கள். உடம்பு அடுப்பிலிருந்து எடுத்தது போல் சுட்டதாம். தண்ணீர் டிரம் அரை மைலுக்கு அப்பால் இருந்தது. காகிதத்தில் மாரடைப்பு என்று எழுதினார்கள்.

கேம்ப்பில் வருடத்துக்கு ஒருமுறை கமிட்டிக்கு ஒரு ஆளைத் தேர்ந்தெடுப்பார்கள். சங்கம் கிங்கம் என்று ஒருவரும் வாய் திறக்கக்கூடாத ஊரில் இது ஒன்றுதான் இருந்தது. மேலிடத்து உத்தரவு என்பதால் மேனேஜரும் நடத்தினார். போன வருடம் மெஸ் இன்சார்ஜ் கோபாலசாமி நின்றார். கோயம்புத்தூர்க்காரர், மேனேஜருக்கு வேண்டியவர். சீனர்கள் தங்களுக்கென்று தனியாக அடுப்பு வைத்துச் சமைத்துக்கொள்வது அவருடைய தயவில்தான். கையைத் தூக்கச் சொன்னார்கள். லிம் தூக்கினார், அவருக்குப் பின்னால் சீனர் கைகள் எல்லாம் ஒன்றாக எழுந்தன. எதிர்த்து நின்றவருக்கு நூற்றைந்து கை. மீதி எல்லாம் கோபாலசாமிக்கு.

இந்த வருடம் கோபாலசாமியை எதிர்த்துக் கார்மேகம் நின்றான். மானாமதுரைப் பக்கம். மாயாண்டியோடு ஒரே கூட்டத்தில் கம்பி கட்டியவன். பன்னிரண்டிலிருந்து மூன்று வரை வேலையை நிறுத்த வேண்டும், வேலை நடக்கும் இடத்துக்கே ஐஸ் தண்ணீர் வர வேண்டும். இரண்டே கோரிக்கைதான். தமிழர்களில் பாதிப்பேர் அவன் பக்கம். அது போதாது என்று எல்லோருக்கும் தெரியும். சீனர் எந்தப் பக்கமோ அந்தப் பக்கம்தான் ஜெயிக்கும்.

ஒருநாள் சாயங்காலம் டோக்கனைக் கொடுத்துவிட்டு லிம் போகாமல் நின்றார்.

"பசங்க கேக்க மாட்றானுங்க தம்பி. கார்மேகத்துக்குப் போடுவோம்னு சொல்றானுங்க. கை தூக்க மாட்டோம், மறைச்சுப் போடணும்னு சொல்றானுங்க."

"நீங்க என்னண்ணே செய்யப் போறீங்க?"

"நான் கோபாலசாமிக்குத்தான். அடுப்பு வேணும்லா." டிபன் கேரியரை மறு கைக்கு மாற்றிக்கொண்டார். "எங்க ஊரு பேராக்லயும் அடுத்த மாசம் எலெக்‌ஷன். தங்கச்சி கடுதாசி போட்டிருக்கா. அங்கயும் நம்ப சீனனுங்க மாறிட்டானுங்களாம். முன்ன ஒரு தடவை எங்க கம்பம், கிராமம்லா, எதிர்க்கட்சிக்கு மாறுச்சு. எட்டு வருஷம் தண்ணி பைப்பு வரல. பக்கத்துக் கம்பத்துக்கு வந்துச்சு, எங்களுக்கு வரல. ஏன்னு யாரும் சொல்லல. சொல்ல மாட்டான்."

மாயாண்டிக்கு அவர் பயத்தைப் பார்த்ததும் ஒருவகை நெருக்கம் வந்தது. தன்னைப் போலவே இன்னொரு மனிதர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நடக்கிறார் என்ற ஆறுதல்.

மறைவாக ஓட்டுப் போட வேண்டும் என்ற கோரிக்கையை மேனேஜர் ஒப்புக்கொண்டார். ஆனால் எப்படி? எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் பாதிக்கு மேல். தெரிந்தவர்களுக்கும் ஆளுக்கொரு பாஷை. சேதுமாதவன் சார் தலையைச் சொறிந்துகொண்டு டோக்கன் அறையில் வந்து உட்கார்ந்தபோது மாயாண்டிதான் சொன்னான். ஏன் காகிதம்? வெள்ளிக்கிழமை லீவு, டோக்கன் எல்லாம் ஆணியில் சும்மா தொங்குகிறது. ஆளுக்கு அவனவன் டோக்கனைக் கொடுப்போம். மறைவில் இரண்டு டப்பா வைப்போம். பிடித்த டப்பாவில் போட்டுவிட்டுப் போகட்டும். ஒருத்தன் இரண்டு ஓட்டும் போட முடியாது.

சார் அவனை ஒரு கணம் பார்த்தார். "மாயாண்டி, நீ படிச்சிருந்தா எங்கயோ போயிருப்பய்யா" என்றார்.

அந்த ஒரு சொல்லில் இரண்டு நாள் மிதந்தான் மாயாண்டி. மேனேஜரே சரி என்று தலையாட்டினாராம். நான் ஒரு யோசனை சொன்னேன், வெள்ளைக்காரன் ஏற்றுக்கொண்டான் என்று ஊரிலிருக்கும் மனைவி பஞ்சவர்ணத்துக்குக் கடிதம் எழுதச் சொல்லி, எழுதிக் கொடுத்தவனிடம் அந்த வரியை இரண்டு தடவை படித்துக் காட்டச் சொன்னான்.

லிம் மட்டும் ஜன்னலில் தயங்கினார். "டோக்கன்ல நம்பர் இருக்கே தம்பி."

"அதுக்கென்னண்ணே? எண்ணி முடிச்சதும் ரெண்டு டப்பாவையும் நானே ஒண்ணாக் கொட்டி ஆணியில மாட்டிருவேன். என் கையத் தாண்டி அத யாரு தொடப் போறா?"

லிம் அவன் முகத்தையே பார்த்தார். பிறகு, "சரி. நீ சொல்றே" என்றார். திரும்பித் தன் ஆட்களிடம் சீனத்தில் ஏதோ சொன்னார். ஜன்னலில் நின்ற பையன்கள் மாயாண்டியைப் பார்த்துத் தலையசைத்தார்கள். அவர்கள் எதை ஒப்புக்கொண்டு தலையசைத்தார்கள் என்பதைப் பற்றி அவன் அப்போது யோசிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கு மெஸ் கொட்டகையின் மூலையில் சாக்குப் படுதா கட்டினார்கள். உள்ளே இரண்டு பால் பவுடர் டப்பாக்கள். கார்மேகத்தின் டப்பாவில் ஒரு குடம் வரைந்து ஒட்டியிருந்தது. கோபாலசாமியின் டப்பாவில் ஒரு தட்டு. கோபாலசாமி கைகளைக் கட்டிக்கொண்டு வாசலில் நின்று ஒவ்வொருவரையும் பேர் சொல்லி வரவேற்றார். "ஏனுங்க லிம்மு, அடுப்பு எரியுதுங்களா?" என்று கேட்டார். லிம் இரண்டு கைகளையும் சேர்த்துக் கும்பிட்டுவிட்டு உள்ளே போனார். படுதாவுக்குப் பின்னாலிருந்து தகரத்தில் பித்தளை விழும் சத்தம் ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டிருந்தது. இருநூற்று எண்பத்தாறு சத்தம். கடைசியாக மாயாண்டி தன் ஏழாம் எண் டோக்கனைக் குடத்தில் போட்டான். போடும்போது கூட அவனுக்கு ஒன்றும் தோன்றவில்லை. வேலையை நிறுத்தும் மூன்று மணி நேரம் தனக்கு எதற்கும் உதவாது, ஆனாலும் ஆ மெங்குக்கு டோக்கன் கொடுத்தனுப்பிய கை தன்னுடையது என்று மட்டும் நினைத்துக்கொண்டான்.

மேனேஜர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மேஜை மேல் பத்துப் பத்தாக அடுக்கி எண்ணும் வேலை மாயாண்டிக்கு. சேதுமாதவன் சார் குறித்துக்கொண்டார். எண்ணும்போதே அவன் கண்கள் பழக்கத்தில் எண்களைப் படித்தன. படிக்காமல் இருக்க முயன்றான், முடியவில்லை. ஒவ்வொரு டோக்கனிலிருந்தும் ஒரு முகம் எழுந்து அவனைப் பார்த்தது. குடத்தில் சீன முகங்கள் நாற்பது. தட்டில் பதினெட்டு. அந்தப் பதினெட்டில் நானூற்றுப் பன்னிரண்டும் இருந்தது. குடத்தில் அவன் எதிர்பாராத முகங்களும் இருந்தன: நாலைந்து பட்டாணியர்கள், கோபாலசாமியின் ஊர்க்காரர்கள் சிலர், மெஸ்ஸில் கோபாலசாமிக்குக் கீழேயே பாத்திரம் கழுவும் ஒருவன்.

கார்மேகத்துக்கு நூற்றைம்பத்தேழு. கோபாலசாமிக்கு நூற்றிருபத்தொன்பது.

வெளியே ஓர் இரைச்சல் எழுந்து அடங்கியது. மேனேஜர் எழுந்து கார்மேகத்தின் கையைக் குலுக்கினார். மாயாண்டி இரண்டு குவியலையும் ஒன்றாக வாரப் போனான். மேனேஜர் விரலால் மேஜையைத் தட்டி ஏதோ சொன்னார்.

சேதுமாதவன் சார் மாயாண்டியைப் பார்க்காமலே தமிழில் சொன்னார். "கலக்க வேண்டாமாம். அதது அதது டப்பாவிலேயே இருக்கட்டுமாம். ஆபீசுக்குக் கொண்டு வரச் சொல்றார். ரெக்கார்டுக்காக நம்பரை எழுதி வைக்கணுமாம்."

மாயாண்டி குவியல்களிலிருந்து கையை எடுத்தான். டப்பாக்களில் டோக்கன்களைத் திரும்பப் போட்டான். ஒன்றிரண்டு மேஜையில் உருண்டன. ஜன்னலில் தலையசைத்த பையன்கள் கண்ணில் வந்தார்கள். அவர்களுக்குப் பின்னாலேயே, அவர்களைத் தள்ளிக்கொண்டு, ஏழு என்ற எண் வந்தது. குடம் வரைந்த டப்பாவுக்குள் எங்கோ அடியில் கிடந்தது அந்த ஏழு.

கொட்டகையிலிருந்து ஆபீசுக்கு இருநூறு அடி இருக்கும். மேனேஜர் முன்னால் போய்விட்டார். சார் பின்னால் வந்தார். இரண்டு டப்பாக்களையும் மார்போடு அணைத்துக்கொண்டு மாயாண்டி வெயிலில் நடந்தான். மணல் வெளுத்துக் கண்ணைக் குத்தியது. ஓடிவிடலாமா? எங்கே? ஒரு பக்கம் கடல், மற்றப் பக்கம் மணல். பாஸ்போர்ட், விசா கொடுத்த கபீலின் பெட்டியில். ஏழாம் எண்ணை மட்டும் பொறுக்கி வாயில் போட்டுக்கொள்ளலாமா என்று கூட ஒரு கணம் நினைத்தான். நினைத்ததற்காக வெட்கப்பட்டான். வெட்கப்பட்டுக்கொண்டே டப்பாவுக்குள் எட்டிப் பார்த்தான்.

ஆபீஸ் வாசலுக்கு முன்னால் தண்ணீர்க் குழாய் ஒன்று தரைக்கு மேலே ஓடியது. மூன்று வருடமாக அவன் தினமும் தாண்டுகிற குழாய். அன்று கால் தாண்டவில்லை. விழுந்தான். டப்பாக்கள் இரண்டும் வாய் திறந்து உருண்டன. பித்தளை மணலில் சிதறி, ஒன்றின் மேல் ஒன்று விழுந்து, ஒன்றாகிப் போனது.

வேண்டுமென்றே விழுந்தானா என்று அவனைக் கேட்டால் அவனுக்கே சொல்லத் தெரிந்திருக்காது. நாற்பது பையன்களுக்காக விழுந்தானா, ஏழுக்காக விழுந்தானா என்பது இன்னும் தெரியாது. முழங்கையில் தோல் உரிந்து எரிந்தது. முகத்தை மணலிலிருந்து எடுக்காமல் கிடந்தபோது ரொம்ப நாளைக்குப் பிறகு அடிவயிற்று இறுக்கம் விட்டிருந்தது.

சேதுமாதவன் சார் குனிந்து ஒரு டப்பாவை நிமிர்த்தினார். "பாத்து வரக்கூடாதா" என்று சத்தமாகச் சொன்னார், ஆபீஸ் ஜன்னலுக்குக் கேட்கும்படி. அவனுடைய தோளைப் பிடித்துத் தூக்கிய கை மட்டும் மெதுவாக அழுத்தியது.

மேனேஜர் கோபப்படவில்லை. மாயாண்டியை அதுதான் கலக்கியது. கலந்துபோன டோக்கன்களை ஒரு பார்வை பார்த்துவிட்டு, போய் மாட்டு என்று கையை வீசினார். பிறகு சாரிடம் போன வருடத்து நோட்டைக் கேட்டார்.

என்ன நடந்தது என்பதை மறுநாள் சாயங்காலம் சார் டோக்கன் அறைக்கு வந்து சொன்னார். உட்காரவில்லை. கதவில் சாய்ந்துகொண்டு, சுவரைப் பார்த்துப் பேசினார். போன வருடம் எதிர்த்து நூற்றைந்து. இந்த வருடம் நூற்றைம்பத்தேழு. கூடுதல் ஐம்பத்திரண்டு. ஒரு காகிதத்தில் பென்சிலால் மேனேஜர் அந்தக் கணக்கைப் போட்டார். பக்கத்தில் சீனர் ஐம்பத்தெட்டு என்று எழுதினார். சுழித்து ஒரு வட்டம் போட்டார். வெல்டிங் வேலைக்கு வேறு நாட்டு ஆட்களை எடுத்துத் தரச் சொல்லி ஏஜெண்டுக்கு அன்றைக்கே தந்தி போய்விட்டது. சீனர்கள் எல்லோருக்கும் விசா கேன்சல். அடுத்த வியாழக்கிழமை விமானம்.

"எல்லாருக்குமா சார்?" என்றான் மாயாண்டி. "எல்லாரும் போடலயே."

சார் இப்போதுதான் அவனை நேராகப் பார்த்தார். "அது உனக்கு எப்படித் தெரியும்?"

மாயாண்டி ஆணிப் பலகையின் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"தெரியாதுல்ல? தெரியாமலே இரு." கதவு வரை போய்த் திரும்பினார். "நம்பரை எழுதி வச்சிருந்தா, போட்டவனோட போயிருக்கும்யா. நாற்பதோ அம்பதோ. நானும் நீ விழுந்தது நல்லதுக்குன்னுதான் நெனச்சேன்."

அவர் போன பிறகு மாயாண்டி பலகைக் கதவை இறக்கினான். பதினெட்டு முகங்கள் ஒவ்வொன்றாக வந்தன. அவர்களை வரிசையாக அவனால் சொல்ல முடியும். மேனேஜரிடம் போய், சார், இந்தப் பதினெட்டுப் பேர் உங்கள் ஆட்கள் என்று சொல்ல முடியும். அப்படியானால் மற்ற நாற்பது யார் என்பது தானாகவே தெரிந்துவிடும். சரி, அவர்கள் எப்படியும் போகிறார்கள். ஆனால் மேனேஜர் அதோடு விடுவாரா? நாற்பது போக மீதி நூற்றுப் பதினேழு யார் என்று கேட்பார். பாத்திரம் கழுவுகிறவன், பட்டாணியர்கள், கம்பி கட்டுகிறவர்கள். ஏழு. இதைத்தான் அவன் திரும்பத் திரும்பக் கணக்குப் போட்டான். ஒவ்வொரு முறையும் கணக்கு ஏழில் வந்து நின்றது. மற்றவர்களுக்காகத்தான் வாயை மூடிக்கொண்டிருக்கிறேன் என்று சொல்லிக்கொண்டான். அதை நம்பவும் முயன்றான்.

கார்மேகம் சும்மா இருக்கவில்லை. கமிட்டி ஆள் என்ற முறையில் ஆபீசுக்குப் போனான். வெல்டிங் கான்ட்ராக்ட் கமிட்டி விஷயம் இல்லை, காலாஸ், பேச்சு முடிந்தது என்று சொல்லி அனுப்பினார்கள். திரும்பி வரும்போது அவனோடு ஒரு லாரியும் வந்தது. வேலை நடக்கும் இடத்துக்கு நீல நிறத்தில் புத்தம்புது ஐஸ் பெட்டிகள் நான்கு.

வியாழக்கிழமை மத்தியானம் கேட்டுக்கு வெளியே மூன்று பஸ் நின்றது. ஊருக்குப் போகிறவன் காலை வேலைக்கு வாங்கிய டோக்கனைத் திருப்பிக் கொடுத்து, மாயாண்டியிடம் சீட்டில் முத்திரை வாங்கிக்கொண்டுதான் பஸ்ஸில் ஏறலாம். சீனர் வரிசை எப்போதும் போலச் சத்தமில்லாமல் வந்து நின்றது. வெல்டிங் கண்ணாடிகள் இல்லை. கையில் ரெக்சின் பெட்டிகள்.

முதலில் லிம். டோக்கனை ஜன்னல் பலகையில் வைத்தார். எண் மேலே தெரிய வைத்தார். அதன் மேல் ஆள்காட்டி விரலை வைத்துக்கொண்டார்.

"தம்பி, எண்ணினது நீதானே."

மாயாண்டி முத்திரைக் கட்டையைக் கையில் எடுத்தான்.

"இது எந்த டப்பால இருந்துச்சுன்னு உனக்குத் தெரியும். மூணு சின்னப் பிள்ளைங்கலா எனக்கு. நீ மேனேஜர்கிட்ட ஒரு வார்த்தை சொன்னா போதும். நான் மாறல."

அவர் குரல் உயரவில்லை. கடையில் பாக்கிச் சில்லறை கேட்பதுபோல் கேட்டார். மாயாண்டியின் இடது கை மேஜைக்குக் கீழே போயிருந்தது. கேட்டுக்கு அந்தப் பக்கம் ஜீப்பில் மேனேஜர் உட்கார்ந்து ஏதோ காகிதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். இருபது அடி. எழுந்து போனால் இருபது அடி.

"நம்பரெல்லாம் நான் பாக்கலண்ணே" என்றான். "அவசரத்துல எண்ணுனது."

லிம் அவனைப் பார்த்துக்கொண்டே நின்றார். பஸ் டிரைவர் ஹாரன் அடித்து "யல்லா, யல்லா" என்று கத்தினான். லிம் விரலை எடுத்தார். மாயாண்டி முத்திரை குத்தினான். மை சரியாகப் படியவில்லை; இன்னொரு தடவை குத்தினான்.

லிம்முக்குப் பின்னால் நின்றவன் இருபது வயதுப் பையன். தமிழ் தெரியாது. ஆனால் லிம்மின் விரலையும் டோக்கனையும் மாயாண்டியின் முகத்தையும் பார்த்திருந்தான். அவன் தன் டோக்கனை எண் தெரியாதபடி கவிழ்த்துப் பலகையில் வைத்தான். அடுத்தவனும் கவிழ்த்து வைத்தான். அதற்கடுத்தவனும். ஐம்பத்தேழு பேரும் ஒருவர் பின் ஒருவராக வந்து, பித்தளையைக் குப்புறக் கவிழ்த்து வைத்துவிட்டு, சீட்டை வாங்கிக்கொண்டு பஸ்ஸை நோக்கிப் போனார்கள். மாயாண்டி ஒன்றையும் திருப்பிப் பார்க்கவில்லை. ஒவ்வொன்றையும் எடுத்து அதனதன் ஆணியில் மாட்டிக்கொண்டே இருந்தான்.